எங்க அணிலை நிறுத்திட்டாங்க

ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

"எங்க அணில நிறுத்திட்டாங்கக்கா," என்றாள் இளையவள். "மூணு வருஷம் பெங்களூரு போயிப் போயி வரைஞ்ச கார்ட்டூன். டிவில ரெண்டே மாசம்தான் ஓடுச்சு."

"ஏன், நல்லா இல்லியா?"

"காலைல ஆறு மணிக்குப் போட்டாங்க. எந்தப் புள்ள அப்ப எந்திரிக்குது? சாயங்காலம் சோறூட்டற நேரத்துல வேற ஒரு பூனை கார்ட்டூன் வருது. அதான் ஹிட்டு."

"உம் பொண்ணாச்சும் பாத்திருக்குமே."

"எழுப்பி உக்கார வச்சேன். அம்மா வரைஞ்சதுன்னு சொன்னேன். அசையாம பாத்துச்சு."

"அப்புறம் என்ன?"

இளையவள் ஜன்னல் கண்ணாடியை இழுத்து மூடினாள்.

"முடிஞ்சதும், 'போதுமாம்மா, தூங்கட்டுமா'ன்னு கேட்டுச்சுக்கா."