கூச்ச மீனை முதலில் விட வேண்டும்

கடல்மீன் தொட்டி வைப்பவர்கள் எல்லோரும் செய்கிற தப்பு ஒன்று உண்டு ஐயா. கண்ணைப் பறிக்கிற மீனை முதலில் வாங்கி விட்டுவிடுவார்கள். அப்படிச் செய்யக் கூடாது. கூச்ச மீனைத்தான் முதலில் விட வேண்டும். அது பாறையில் ஒரு பொந்து பார்த்து, ரெண்டு வாரம் தின்று தேறிய பிறகு முரட்டு மீனை விடலாம். மாற்றி விட்டால் முரடன் தொட்டி முழுவதையும் தனதாக்கிக்கொள்வான். அவன் கடிக்கக்கூட வேண்டாம், பின்னால் வந்தது பயத்திலேயே வெளியே துள்ளிவிடும். மறுநாள் தரையில் கருவாடாகக் கிடக்கும். அதற்குத்தான் மேலே வலைமூடி. எட்டு வருடமாக இதைச் சொல்லித்தான் மீன் விற்கிறேன்.

நீங்கள் கேட்டது என் மச்சினனைப் பற்றி. அதற்குத்தான் வருகிறேன்.

மனைவியின் தம்பி. முப்பது வயது. கடைக்குள் இருக்கும் பரணில்தான் படுக்கை. யாரையும் முகம் பார்த்துப் பேச மாட்டான். நான் பதினாலு வயதில் உப்பு மூட்டை தூக்கினவன். முதுகுத் தோல் உரிந்து அதில் உப்பு இறங்கும்போதும் மேஸ்திரியின் கண்ணைப் பார்த்துத்தான் கூலி வாங்குவேன். இவன் நான் தும்மினாலே ரெண்டடி பின்னால் போவான். ஒரு நாளும் அவனை நான் அடித்ததில்லை. அதை எழுதிக்கொள்ளுங்கள். அடிக்காதவனைக் கண்டு ஒருவன் தினமும் ஒடுங்கினால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்?

என் மனைவி நினைத்தாள்.

"அவனை என்ன பண்ணீங்க?"

"நான் என்னடி பண்ணேன்?"

"அப்புறம் ஏன் நீங்க வந்ததும் தட்டைத் தூக்கிக்கிட்டு மேல போறான்?"

வாடிக்கையாளர்களும் அப்படித்தான். கல்லாவில் நான் குத்துக்கல்லாக உட்கார்ந்திருப்பேன். "தம்பி இல்லையா? அப்ப நாளைக்கு வரோம்" என்று திரும்பிப் போவார்கள்.

கடையின் பெரிய தொட்டியில் ஒரு ஃபயர்ஃபிஷ் உண்டு. விரல் நீளம், வால் பக்கம் தீப்பிடித்த சிவப்பு. நான் கண்ணாடி அருகே போனால் போதும், பின்வாங்கிப் பொந்துக்குள் போய்விடும். அதன் சுபாவம் அது. மச்சினன் மட்டும், "இவ்வளவு நேரம் வெளியதான் இருந்துச்சு மாமா" என்பான். தினமும் இதே பேச்சு.

போன மாதம் அவனுக்கு டைஃபாய்டு. பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தான். அந்தப் பத்து நாளில் பரணில் கிரேனைக் குடிவைத்தேன். கிரேன் என்பது பட்டப்பெயர், என்னோடு மூட்டை தூக்கியவன். உடம்பு பெரிது, குரல் அதைவிடப் பெரிது. மச்சினன் இளைத்துத் திரும்பி வந்தபோது ஜன்னல், ஃபேன், சட்டை மாட்டும் ஆணி எல்லாம் கிரேனுடையதாகிவிட்டன.

"வாங்க புதுப்பொண்ணு. உங்களுக்கு எந்தப் பொந்து வேணும்?" என்றான் கிரேன்.

மச்சினன் சிரிக்கப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான், முதல் தடவையாக முகத்துக்கு நேராக. அவனுக்கும் மீன் தெரியும். யாரை முதலில் விட்டேன், எதற்கு விட்டேன் என்று புரிந்துவிட்டது. "சரி மாமா" என்றான்.

பரணின் முன் விளிம்பில் இரும்புத் தடுப்பு இருந்தது. அதன் உள்பக்கம் மேலே கம்பி இழுத்து, அக்காளின் பழைய புடவையைத் திரையாகத் தொங்கவிட்டிருந்தான். ஏணி பின்சுவர்ப் பக்கம். ஏணியில் கிரேனின் தலை தெரிந்ததும் விருட்டென்று பின்வாங்கிப் போய், புடவையோடு சேர்ந்து தடுப்பில் முட்டி நிற்பான்.

"டங்குனு கேக்கும்ணே, கோயில் மணி மாதிரி" என்று கிரேன் விழுந்து விழுந்து சிரிப்பான். அந்தச் சத்தத்தை நான் கீழே நின்று மூன்று வாரம் கேட்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை, அவன் கொல்லையில் ட்ரம்மில் உப்புத் தண்ணீர் கலக்கிக்கொண்டிருந்தான். தடுப்புக்கு நாலு போல்ட். கழற்றி இறக்கிச் சுவரில் சாத்தினேன். பெயிண்ட் அடிப்பதற்கு என்று முன்பு உங்களிடம் சொன்னேன். பெயிண்ட் வாங்கவில்லை. திரையை அப்படியே விட்டேன்.

மதியம் சாப்பிட்டு அவன் மேலே போய்ப் படுத்தான். கிரேனிடம், "போய் அவனை எழுப்பு" என்றேன்.

"மணி அடிச்சிரவாண்ணே?"

"அடி."

கிரேனுக்கு ஒன்றும் தெரியாது. அவனை விட்டுவிடுங்கள். அன்று மணிச் சத்தம் கேட்கவில்லை. பன்னிரண்டடி, கீழே சிமென்ட் தரை. புடவை பின்னாலேயே வந்து அவனை மூடியது. ஓடி வந்த என் மனைவி அவனைப் பார்க்கும் முன்பே மேலே பார்த்தாள். "தடுப்பு எங்க?" என்றாள். அப்புறம் இன்றுவரை என்னோடு பேசவில்லை.

கொன்றது நான்தான். கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் கிரேன் முரடன், அவன் கூச்ச சுபாவம். நான் தொட்டி வைத்தவன், அவ்வளவுதான்.

ஒரே ஒரு திருத்தம். கடைக்குப் பூட்டுப் போடப் போன உங்கள் போலீஸ்காரர் வந்து, அந்தச் சிவப்பு வால் மீன் பகல் பூராவும் வெளியேதான் நிற்கிறது, கண்ணாடியில் கை வைத்தாலும் ஓடவில்லை என்றார். அவர் வேறு மீனைப் பார்த்திருப்பார் ஐயா. அது யாரைக் கண்டாலும் ஒளிந்துகொள்ளும்.