நாலு ஊரில் அந்தோணி

குளச்சலில் இருந்து நாகர்கோவில் போகும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள்.

"அந்தோணி ஒரே நேரத்துல நாலு ஊர்ல இருந்து நுழைஞ்சிருக்கான், ஏட்டி."

அந்தோணியார் புதுமையோ என்று சிலுவை போடக் கையெடுத்துவிட்டேன்.

"ஆபீஸ் சர்வர்லயா? திருட்டா?"

"இல்லட்டி. வீட்டுல இருந்து சர்வருக்குள்ள நுழையதுக்கு அவனுக்குக் குடுத்த விபிஎன் சாவியைக் கூட வேலை பாக்குத கூட்டாளிகளுக்கும் காப்பி பண்ணிக் குடுத்திருக்கான். ஒருத்தன் நுழைஞ்சா மத்தவன் வெளிய விழுவான், உடனே திரும்ப நுழைவான். சர்வருக்க பதிவு முழுக்க இந்தத் தள்ளுமுள்ளுதான்."

"சர்வர் பாரம் தாங்காமத் திணறுது, பெரிசு வாங்குத வரைக்கும் உனக்குக் கல்யாண லீவு இல்லன்னாரே மேனேஜர்?"

"இருக்க சர்வரே பாதி சும்மா கெடக்கு மக்கா. ஆளுக்கொரு சாவி போட்டேன், அடங்கிட்டு. லீவும் தந்துட்டாரு."

எனக்கு அழைப்பில்லாத அந்தக் கல்யாணத்துக்கு நானும் ஒரு நிம்மதிப் பெருமூச்சு விட்டேன்.

"நீ இல்லாதப்ப சர்வரை ஆரு பாக்கது?"

"வேற ஆரு? அந்தோணிதான்."