படி திரும்புகிற இடம்

வடசேரியில் பேருந்து கிளம்பக் காத்திருந்தது. நான் புத்தகத்தை விரித்து வைத்திருந்தேன். ஒட்டுக்கேட்பதற்கு அதைவிட மரியாதையான வேடம் எனக்குத் தெரியாது. முன் இருக்கையில் இரண்டு ஆண்கள், ஜன்னலோரம் தூங்கும் ஒரு மூதாட்டி.

“அம்மைய நிக்க வச்சுதான் இறக்கணுமாம்,” என்றார் ஒருவர்.

“எங்கயிருந்துலே?” என்றார் நண்பர்.

“புது ஃபிளாட்டுலேருந்து. மூணாவது மாடில்லா. நேத்து கட்டில் ஏத்துனோம். படி திரும்புற இடத்துல முட்டி நின்னுட்டு. பிறகு கழத்தித்தான் ஏத்துனோம்.”

“கழத்தி ஏத்துனா போச்சு. அதுக்கென்ன மக்கா?”

“சவப்பெட்டிய கழத்த முடியுமாலே? அதைத்தான் எஞ்சினியர்ட்ட கேட்டேன். நாளைக்கு அம்மைக்கு ஒண்ணுன்னா எப்படி மாதா கோயிலுக்கு எடுக்கதுன்னு. அவன் சிரிக்கக்கூட இல்ல. லிஃப்ட்டுல பெட்டிய நிமித்தி வச்சு இறக்கிரலாம் சார், எல்லா இடத்துலயும் இப்ப அப்படித்தான்னு சொல்லுகான்.”

நண்பர் சிலுவை போட்டுக்கொண்டார்.

“பிளான் காட்டும்போ நீ பாக்கலியா?”

“பாத்தேன். கார் நிறுத்துற இடம் நல்ல விசாலமாக்கும்.”

“பழைய வீடு?”

“வித்தாச்சு.”

நான் பக்கம் திருப்ப மறந்துவிட்டேன். பேருந்து கிளம்பிய குலுக்கலில் மூதாட்டி மகனின் தோளைப் பிடித்துக்கொண்டார். அவர் எப்போது விழித்தார் என்று தெரியவில்லை.

“நிக்க வைக்காண்டாம் மக்கா,” என்றார். “எனக்கு முட்டு வலிக்கும்லா.”