கோறமண்டல் வண்டி டைம்

இல்ல சார், அது தப்பு இல்ல. இத்தத் தேடுனா என் விளம்பரம் வரணும்னு தெரிஞ்சுதான் அடிச்சேன். பெரிய ற தான். கோரமண்டலுக்குச் சின்ன ர போடணும்னு எனக்கும் தெரியும், நான் பொறந்து வளந்த ஊரு, ஸ்டேஷன் போர்டுலயே பெருசா எழுதி வெச்சிக்கீறாங்க. நீங்க அத்த மாத்தாதீங்க. மாத்திட்டீங்களா? இல்லயே? அப்பாடா. அதும் மேலருந்து கைய எடுத்துடுங்க சார்.

பேரு இன்னா சொன்னீங்க? திலீப்பா. விளம்பரக் கம்பெனிலருந்து போன்னு சொன்னதும் இந்தில பேசுவாங்கன்னு பயந்துட்டேன். உங்க பேச்சப் பாத்தா நம்ம வேலூர்ப் பக்கம் மாரி கீதே. குடியாத்தமா? அத்தான பாத்தேன். நான் மெதுவாத்தான் பேசுவேன், கோச்சிக்காதீங்க. பாப்பா இப்பதான் ரெண்டாம் ஷிப்ட் தூங்குறா. எழுந்துட்டான்னா போனப் புடுங்கிக்குவா, அப்பறம் உங்க கேள்விக்கெல்லாம் அவதான் பதில் சொல்லுவா.

ம், கேளுங்க. ஆமா, ஜூடித் ஹோம் கேக்ஸ் நான்தான். ஓனரு நான், மாஸ்டரு நான், பாத்திரம் கழுவுறதும் நான். விளம்பரம் எழுதுறதும் நான்தான். எங்க பக்கத்து லைன் வூட்ல ஷில்பான்னு ஒரு பொண்ணு, பெங்களூர்ல விளம்பர ஆபீஸ்ல வேல பண்ணுது, டெய்லி வண்டில போய்ட்டு வருது. அதுதான் கணக்கு தெறந்து குடுத்து எப்பிடிப் போடுறதுன்னு சொல்லிக் குடுத்துச்சு. என் விளம்பரத்துக்கு ஸ்கோரா? நூத்துக்கு முப்பத்தாறா? பாஸ் மார்க்குதான சார். நான் ஸ்கூல்ல கணக்குல அவ்ளோ வாங்குனதில்ல.

சிரிக்கிறீங்க. சிரிங்க, பரவால்ல. கேக் விக்கிறவ ரயில் டைம் தேடுறவங்களுக்கு இன்னாத்துக்கு விளம்பரம் காட்டுறான்னு ஷில்பாவும் மொதல்ல கேட்டுச்சு. ஏன் சார், வண்டி ஏறுறவங்களுக்குப் பசிக்காதா? சரி, சரி. ஒருத்தர்கூட வாங்கல. எனக்குத் தெரியும். இங்க கோலார் தங்கவயல் கேம்ப்ல விக்கிறதெல்லாம் வாய் வார்த்தைலதான் விக்கிது, பர்த்டே, சர்ச்ல புதுநன்ம, அப்பிடி. விளம்பரம் பாத்து ஒரு கேக்குகூட போனதில்ல.

படிங்க, படிங்க. நீங்க படிச்சாக் கேக்க நல்லாத்தான் கீது. பல்லு மொளச்சாச்சு கேக். ஆமா. தனியா நடக்குறேன் கேக். அப்பான்னு சொல்லிட்டேன் கேக். அது நல்லாப் போச்சு சார். இல்ல, போகல, சும்மா சொன்னேன். எல்லாமே ஒரே ரவ கேக்குதான். பேரு மட்டும் ரெண்டு மாசத்துக்கு ஒருவாட்டி மாத்துவேன். கொழந்தைங்களுக்கு ஒவ்வொண்ணு நடக்கும்ல, அதுக்கு வெட்டுற கேக்குன்னு வெச்சுக்கங்க. மொதமொதல்ல நான் எழுதுனத உங்காளுங்க ரிஜெக்ட் பண்ணிட்டாங்க. விக்கிற பொருளு இன்னான்னே இதுல இல்லயேன்னு. அதுலருந்து எது எழுதுனாலும் கடசில கேக்குன்னு சேத்துடுவேன். பாஸ் ஆயிடும்.

போட்டோவா? அத்த எடுக்கமாட்டேன் சார். கேக்குதான் பெருசாத் தெரியணும்னு சொல்றீங்க, புரியுது. ஆனா கேக்குக்குப் பின்னாடி ஒருத்தி பல்லக் காட்டிக்கினு நிக்கிறா பாருங்க, அவ தெரியணும். கேக்கு தெரியலன்னாலும் ஒன்னியும் இல்ல.

ஆமா, அதுவும் தெரியும். உங்க சொந்தத் தேடல்லருந்து கிளிக்கு சைபர். வர்றது முச்சூடும் பார்ட்னர் வழியா. ஷில்பா எனக்குப் புரியிற மாரி சொல்லிச்சு. உங்க கம்பெனி தேடுற பொட்டிய வேற கம்பெனிங்களுக்கும் குடுத்து வெச்சிக்கீது. வெளில அவங்க பேரு, உள்ள நீங்க. அதுல யாராச்சும் தேடுனா எங்க விளம்பரம் அங்கயும் வரும், வர்ற காச ரெண்டு பேரும் பிரிச்சிக்குவீங்க. கொழா அவங்கது, தண்ணி உங்கது. சரிதான? நான் கேக்காமலே பார்ட்னர்லயும் காட்டுன்னு அந்த டிக்கு விழுந்துதான் இருந்துச்சாம். எடுத்துடலாமான்னு ஷில்பா கேட்டுச்சு. நான்தான் வேணாம்னேன்.

தேடுறவங்களுக்குத்தான் சார் ஒன்னியும் தெரியமாட்டேங்குது. எங்க பக்கத்து வூட்டு கிருஷ்ணம்மாக்கா கீறாங்க. போன் வாங்கும்போதே முன்னாடி ஒரு பொட்டி இருந்துச்சு, அதுல எது வந்தாலும் போனே சொல்றதா நெனச்சிக்கினு கீறாங்க. அன்னிக்கு மூட்டு வலின்னு ஸ்கெலட்டன் டாக்டர்னு அடிச்சிக்கீறாங்க. ஸ்கெலட்டன்னா எங்க ஊர்ல ஒரு பேட்ட சார், அங்க ஒரு டாக்டரு எத்தினி மணிக்கு வருவாருன்னு பாக்க. வந்தது இன்னா தெரியுமா? பிளாஸ்டிக் எலும்புக்கூடு. ஆள் ஒசரம், டாக்டருக்குப் படிக்கிற பசங்களுக்கு, ஆர்டர் பண்ணா வூட்டுக்கே வருமாம். அதுக்குக் கீழயும் எலும்புக்கூடு, அதுக்கும் கீழ இன்னொண்ணு. அக்கா போனக் கவுத்து வெச்சிட்டு அன்னிக்கு டாக்டர்கிட்டயே போகல. ஊரெல்லாம் சொல்லிச் சிரிச்சோம். ஆனா ராத்திரி பூரா அவங்க வலில மொணகுனது எங்க சொவுத்துக்கு இந்தப் பக்கம் கேட்டுச்சு சார். மொதல்ல வர்றதெல்லாம் விளம்பரம்க்கான்னு அவங்களுக்கு யாரும் சொல்லல. எலும்புக்கூடு விக்கிறவனுக்கும் தெரியாது, நம்ம காசு தங்கவயல்ல ஒரு மூட்டு வலிக்காரம்மாக்குப் போச்சுன்னு. நடுவுல கீறவங்களுக்குத்தான் தெரியும். உங்களச் சொல்லல சார். நீங்க இன்னா பண்ணுவீங்க.

சொல்லுங்க, இன்னா விஷயமாக் கூப்ட்டீங்க?

எந்த போன் கம்பெனி?

ஆமா. எங்க வூட்ல கீறதும் அதான். பங்காருபேட்டைல ஒரே நாள்ல ரெண்டு வாங்குனோம், ஒரே மாரி.

அவங்க பொட்டில இனிமே எங்க விளம்பரம் வராதா? எப்பலருந்துன்னீங்க? ஒண்ணாந்தேதி. ஒண்ணாந்தேதின்னா ஞாயித்துக்கெழம. இன்னிக்கு வியாழன். அப்ப நடுவுல ஒரே ஒரு சனிக்கெழம.

இன்னாத்துக்கு சார் பிரிஞ்சீங்க ரெண்டு பேரும்? அக்ரிமென்ட் முடிஞ்சிச்சா. சரி, பெரிய எடம். சேந்தப்பவும் எங்களக் கேக்கல, பிரியறப்பவும் கேக்கல. இனிமே அந்தப் பொட்டிக்குள்ள யாரு? வேற கம்பெனியா. பொட்டி அங்கயேதான் இருக்கும், அதே கலரு, உள்ள ஆளு மட்டும் மாறிடும். அவருக்குத் தெரியவே தெரியாது. அவரு பாட்டுக்கு அடிப்பாரு, வேற என்னமோ வரும்.

அவருன்னா சொன்னேன்? யாரோ ஒருத்தரு சார். தேடுறவங்க.

நான் அந்தப் புதுக் கம்பெனில போய் விளம்பரம் போட முடியுமா? தமிழ்ல எடுக்கலயா. எப்ப எடுப்பாங்க? ம். உங்களுக்கு எப்பிடித் தெரியும், நீங்க இந்தக் கம்பெனி.

நல்ல சேதின்னு சொல்றீங்க. புரியுது. ஒண்ணுக்கும் ஒதவாத கிளிக்கு இனிமே வராது, எனக்கு மிச்சம். சார், ஒண்ணு கேக்கட்டா? அந்தக் கிளிக்கெல்லாம் எந்த ஊர்லருந்து வந்துச்சுன்னு உங்க கம்ப்யூட்டர்ல தெரியுமா? தெரு வேணாம், நம்பர் வேணாம், ஊரு பேரு மட்டும். பெங்களூரா, ஓசூரா, அவ்ளோ சொன்னாப் போதும். ரூல்ஸ் இல்லயா. உங்களுக்கே பார்ட்னருங்கன்னு ஒரே மூட்டையாக் கட்டித்தான் வருதா. அவுத்துப் பாக்க முடியாதா. சரி சார். கேட்டுப் பாத்தேன்.

மிஷினா?

அப்பிடி நெறய நடக்குதா. பார்ட்னர் எடத்துல மிஷின வெச்சே அமுக்குறாங்களா. செக் பண்ணி, மிஷின்தான்னா எனக்குக் காசத் திருப்பித் தருவீங்க.

வேணாம் சார். திருப்பித் தராதீங்க. தந்துட்டீங்கன்னா அது மிஷின்னு ஆயிடும்.

இல்ல, நெசமாத்தான் சொல்றேன். உங்ககிட்ட தேதி கீதில்ல, நீங்களே பாருங்க. எல்லாம் சனிக்கெழம. சாயங்காலம் நாலு மணி, நாலேகாலு. மிஷினுக்கு சனி இன்னா, திங்கள் இன்னா? பெரிய வெள்ளி வாரத்துல மட்டும் வியாழக்கெழம வந்துச்சு, லீவுக்கு மொத நாளு. மிஷினுக்குப் பெரிய வெள்ளி லீவு உடுவாங்களா? வந்தா நாலு நிமிஷம், அஞ்சு நிமிஷம் அந்தப் பக்கத்துலயே நிக்கிது. ஷில்பா காட்டுச்சு. படிக்கிறதுக்கு அதுல ஒன்னியும் கெடயாது சார். ஒரு ரவ கேக்கு, என் நம்பரு, அந்தப் போட்டோ. அஞ்சு நிமிஷம் எத்தப் பாக்கும் மிஷினு?

எங்க வூட்டுக்காரரு சார். டைட்டஸ். வூட்ட உட்டுப் போயி ரெண்டு வருஷம் ஆச்சு. பெங்களூர்ல ஒரு கம்பெனில வேல, ஏழு வருஷமா அதே வண்டிலதான் போய்ட்டு வருவாரு. ஏழு வருஷமா ஏறுற வண்டிக்குத் தெனம் போன்ல டைம் பாப்பாரு, அப்பிடி ஒரு மனுஷன். கோறமண்டல் வண்டி டைம்னு அடிப்பாரு. பெரிய ற போட்டு. சின்ன வயசுலருந்தே அவருக்கு அந்த எழுத்து மட்டும் வராது. எங்க கல்யாணப் பத்திரிகைக்கு அவருதான் எழுதிக் குடுத்தாரு, முந்நூறு பத்திரிகைலயும் பெரிய ற. சர்ச்சே சிரிச்சிச்சு. பரவால்ல, இன்னிலருந்து ஊரு பேர மாத்திட்டோம்னு சொல்ட்டுப் போய்ட்டாரு.

உங்க தேடல்ல அப்பிடி அடிச்சா அது திருத்திடுது சார். இத்தத்தான தேடுறீங்கன்னு கேட்டு, சரியான எழுத்துக்குக் கூட்டிக்கினு போய்டுது. என் விளம்பரம் வர்றதில்ல. அந்தப் போன் பொட்டி திருத்தாது. அவரு எப்பிடி எழுதுறாரோ அப்பிடியே எடுத்துக்கும். என் போன்ல நானே அடிச்சுப் பாப்பேன், மொதல்ல என் விளம்பரம் நிக்கும். தொடமாட்டேன், சொந்த விளம்பரத்தத் தொடக்கூடாதுன்னு ஷில்பா சொல்லிக்கீது. பாத்துட்டு மூடிடுவேன். அந்த ஊரு பேர அப்பிடி அடிக்கிற ஆளு ஒருத்தருதான் சார். ஒருத்தருக்கு மட்டும் விளம்பரம் போட முடியுமாடின்னு கேட்டேன் ஷில்பாவ. அது அழுதுடிச்சு.

வேற ஒன்னியும் இல்ல சார், சண்டல்லாம் போட்டதில்ல. அவருக்கு வேல போய்டிச்சு. எங்கிட்ட சொல்லல. மூணு மாசம் டிபன் பாக்ஸ் எடுத்துக்கினு தெனம் வண்டி ஏறிப் போய் எங்கயோ ஒக்காந்துட்டு வந்துக்கினு இருந்தாரு. எனக்குத் தெரிய வந்தப்ப, ஸ்டேஷன்ல, தெரிஞ்சவங்க அத்தினி பேரும் நிக்கும்போது, கைல அஞ்சு மாசக் கொழந்தைய வெச்சிக்கினு, போற வண்டிலயே போய்டு, திரும்பி வராதன்னு சொல்ட்டேன். நான் எதையும் வெளையாட்டாப் பேசுற ஆளு, யாரக் கேட்டாலும் சொல்வாங்க. அன்னிக்கு ஒரு நாளு அது வரல. அவரு ஏறிட்டாரு.

நம்பரு மாத்திட்டாரு. போலீஸ்ல எழுதிக் குடுத்தேன், பெரிய ஆளு தானாப் போனா நாங்க இன்னா பண்றதுன்னாங்க. கெடச்சது இது ஒண்ணுதான். வாரா வாரம் ஊருக்கு வர்ற வண்டிக்கு டைம் பாக்குறாரு சார். பாத்துட்டு, பாப்பாவப் பாத்துட்டு, ஏறாமப் போய்டுறாரு.

அழல சார். அவ எழுந்துக்கப்போறான்னுதான் கொரல எறக்குனேன்.

எனக்கு ஒரே ஒரு ஒத்தாச பண்ணுங்க. இந்த சனிக்கெழமைக்கு விளம்பரத்த மாத்தணும். நீங்களே அடிச்சிடுங்க, எனக்குக் கை ஓடல. சொல்றேன், எழுதிக்கங்க. இந்த சனிக்கெழம கோறமண்டல் ஸ்டேஷன்ல நானும் பாப்பாவும் நிப்போம்.

நீளமாப் போச்சா? எத்தினி எழுத்து ஜாஸ்தி? அவ்ளோவா. சரி, ஸ்டேஷன எடுத்துடுங்க, வேற எங்க நிக்கப்போறோம். இந்தங்கிறதயும் எடுத்துடுங்க. நானும் பாப்பாவும் வேணாம், நிப்போம்னாலே ரெண்டு பேருதான். ஐயோ, ஆமா, நல்லவேள சொன்னீங்க, கேக்கு இல்லன்னா ரிஜெக்ட் ஆயிடும். கேக்கோட நிப்போம்னு போடுங்க. பத்துதா? நாலு மணிக்குப் பாப்பாரு, வண்டி அதுக்கப்பறம்தான், ஏறுறதுக்கு நேரம் கீது. ஒரு வாட்டி படிச்சுக் காட்டுங்க.

இல்ல இல்ல, எந்த ர போட்டீங்க? திருத்தாதீங்க சார். பெரிய ற போடுங்க. சின்ன ர போட்டீங்கன்னா வேற யாரோ யாரையோ கூப்புடுறாங்கன்னு நெனச்சிக்குவாரு.