அடித்தளக் கதவின் இரண்டு மணி நேரம்

மேடையில் இருக்கும் நிர்வாகி அவர்களே, சங்கத் தலைவர் அவர்களே, முன் வரிசையில் அமர்ந்திருக்கும் அண்ணி அவர்களே, எட்டு மாடிகளிலிருந்தும் வேலையை விட்டு இறங்கி வந்திருக்கும் தோழர்களே, வணக்கம்.

நம் கட்டடத்தின் மின் பொறுப்பாளர், அண்ணியின் கணவர், நம்மை விட்டுப் போய்விட்டார். கதவு ஐயா என்று நாம் கூப்பிட்ட மனிதர். ஏழு ஆண்டுகள் அவரோடு ஒரே மேசையில் வேலை பார்த்தவன் நான். புகழ்ந்து பேச அழைத்தீர்கள். பேசுகிறேன். பிறகு வேறொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது.

அட்டையைக் காட்டினால் திறக்கும் கதவுகள் இங்கே நாற்பத்திரண்டு. மின்சாரம் போனால் நாற்பத்தொன்று தானாகவே திறந்துகொள்ளும். ஆட்கள் வெளியேற வேண்டும் அல்லவா? ஒன்று மட்டும் பூட்டியே நிற்கும். அடித்தளத்து ஆவண அறை. காகிதங்களைக் காக்கப் போட்ட பூட்டு. உள்ளே இருப்பவர் பொத்தானை அழுத்தி வெளியே வர, பேட்டரிக்கு உயிர் இருக்க வேண்டும். அந்த அறையில் நாள் முழுக்க இருப்பவர் ஒருவர்தான். ஆவணக் காப்பாளர் அக்கா. அதோ, மூன்றாவது வரிசையில்.

அந்தப் பேட்டரிகளுக்குத் திட்டம் போட்டது யார்? கதவு ஐயா! பேட்டரியில் ஓடும் ஒவ்வொன்றையும் தொட்டு எண்ணினார். "புதுசா இருக்கற பேட்டரிக்குக் கணக்குப் போடக் கூடாதுப்பா. அது கெழடாகி இருமிக்கிட்டு கெடக்கற நாளுக்குப் போடணும்" என்பார். இரண்டு மணி நேரம் தாங்க வேண்டும் என்று எழுதினார்.

எழுதியதோடு விட்டாரா? மாதம் ஒரு முறை அடித்தளத்து மெயினை நிறுத்தச் சொல்லிவிட்டு, டார்ச்சோடு அந்த அறைக்குள் போய்ப் பூட்டிக்கொள்வார். இரண்டு மணி நேரம். அவ்வப்போது பொத்தானை அழுத்திப் பார்ப்பார். பிறகு கதவில் தொங்கும் தாளில் கையெழுத்து. ஒரு முறை ஒன்றரை மணி நேரத்திலேயே பேட்டரி படுத்துவிட்டது. ஒயரைப் பிடித்துக்கொண்டே போனார். எங்கே போய் நின்றார் தெரியுமா? வரவேற்பறை மீன் தொட்டியில்! யாரோ அதை இந்தப் பேட்டரியில் மாட்டியிருந்தார்கள்.

"மீனுக்கு மூச்சு முட்டக் கூடாது, சரி. கீழ இருக்கற அம்மாவுக்கு முட்டலாமா?"

சிரித்தோம். அன்றைக்கே பிடுங்கினார்.

நான்கு மாதத்துக்கு முன் அவர் ஒரு கடிதம் எழுதினார். பேட்டரிகள் உப்பத் தொடங்கிவிட்டன, மாற்ற வேண்டும். இரண்டு மாதம் கழித்துப் படுக்கையில் விழுந்தார். சோதனை என் பொறுப்புக்கு வந்தது.

நான் போகவில்லை, தோழர்களே. இரண்டு மாதமும் போகவில்லை. வேலை இருந்தது. சோம்பல் இருந்தது. கதவில் தொங்கும் தாளில் 'இரண்டு மணி நேரம், சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மருத்துவமனையில் கேட்டார்.

"மெயினை நிறுத்துனியா?"

"நிறுத்தினேன் சார்."

"உள்ள நின்னியா?"

"ரெண்டு மணி நேரமும் நின்னேன் சார்."

"எப்படி இருந்துச்சு?"

"கொஞ்சம் குளிரா இருந்துச்சு."

மெயினை நிறுத்தினால் குளிரூட்டியும் நின்றுவிடும். அந்த அறை புழுங்கும். உள்ளே நின்ற யாரும் குளிர் என்று சொல்ல மாட்டார்கள். எனக்கு அது உறைக்கவில்லை. அவர் என்னையே பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். "தூக்கம் வருது போல. நீங்க கெளம்புங்க தம்பி" என்றார் அண்ணி. அவர் தூங்கவில்லை, அண்ணி.

நான்காம் நாள் செய்தி வந்தது.

இன்று காலை அந்த அறைக்குள் போனேன். வெளியே மெயின் சுவிட்சில் கை வைத்து நிற்க, அக்காவையே கேட்டுக்கொண்டேன். அவர் மெயினை நிறுத்தியதும், நிமிடத்துக்கு ஒரு முறை பொத்தானை அழுத்தினேன். ஐந்தாம் நிமிடம் சட்டை நனைந்தது. பதினொன்று வரை பூட்டு விலகியது. பன்னிரண்டில் விலகவில்லை.

கதவைத் தட்டினேன்.

"எவ்வளவு நேரம் ஆச்சு?" என்று வெளியிலிருந்து அக்கா கேட்டார்.

"பதினோரு நிமிஷம் அக்கா."

அவர் சுவிட்சைப் போடவில்லை. இருட்டு. என் மூச்சு எனக்கே கேட்டது.

"இந்தத் தாளைப் பார்த்துட்டுத்தானடா நான் தினம் உள்ள போறேன்."

அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் கழித்துத்தான் சுவிட்சைப் போட்டார்.

வெளியே வந்து ஒயரைத் தொடர்ந்து போனேன். மீன் தொட்டி மறுபடியும் அதே இடத்தில் மாட்டியிருக்கிறது. யார் மாட்டினார்கள் என்று கேட்கப் போவதில்லை. பொய் எழுதியவனுக்கு அந்த உரிமை ஏது?

நிர்வாகி அவர்களே, அவருடைய கடிதம் உங்கள் மேசையில்தான் இருக்கிறது. இன்றே கையெழுத்திடுங்கள். புது பேட்டரி வந்து, நான் இரண்டு மணி நேரம் முழுதாக உள்ளே நின்று பார்க்கும்வரை அந்தக் கதவுக்குக் குறுக்கே ஒரு மேசையைப் போட்டு வைத்திருப்பேன். ஒருவரும் உள்ளே போக முடியாது. அதன் பிறகு மாதந்தோறும் நிற்பேன். இது அவருக்கு நான் தரும் வாக்கு.

நிகழ்ச்சி நிரலில் இரண்டு நிமிட மௌனம் என்று இருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள். பதினோரு நிமிடம் நிற்போம். சன்னல்களைச் சாத்திவிடுங்கள். மின்விசிறிகளும் நிற்கட்டும்.

விசிறிச் சுவிட்சுக்குப் பக்கத்தில் அக்கா போய் நிற்கிறார். மறுபடி எப்போது போடுவது என்பது அவர் விருப்பம்.

எழுந்து நில்லுங்கள்.