ஒரே ஒச்சாயி

புதன்கிழமை காலை பத்தேகாலுக்கு நான் காபி ஆற்றிக்கொண்டிருந்தேன். நேரம் சரிதான், கம்ப்யூட்டரில் பார்த்தேன். அந்த மருத்துவமனைச் சுவர்க்கடிகாரங்கள் ஆளுக்கொரு நேரம் காட்டும்.

விசாரணைக்குப் பெயரும் வேலையும் கேட்டீர்கள். ஹரிராம், எம்.சி.ஏ. தல்லாகுளத்தில் டாக்டர் கோகுல்நாத் நடத்தும் மருத்துவமனையில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறேன். அவர் எனக்குத் தூரத்து உறவில் பெரியப்பா. உறவுக்காக வேலை கொடுத்தார் என்று வார்டில் பேசிக்கொள்வார்கள். பேச்சைத் தவிர அங்கே யாருக்கும் வேறொன்றும் வராது.

நோயாளிகளைப் பற்றிக் குறிப்பு எழுதிவைக்க ஒரு நல்ல புரோகிராம் பார் என்று பெரியப்பா சொன்னது 2003 தொடக்கத்தில். இது புடவை எடுக்கிற வேலை அல்ல என்பதை இந்த ஊரில் யாருக்கும் புரியவைக்க முடியாது. திரை என்ன நிறத்தில் வரும் என்று கேட்டார்கள். நான் பார்த்தது வேறு. தேடினால் நொடியில் கிடைக்க வேண்டும். ஒவ்வொரு செய்திக்கும் தனிக் கட்டம் இருக்க வேண்டும். கட்டத்தைக் காலியாக விட்டுத் தப்பிக்க முடியக் கூடாது. ஒரே ஆளுக்கு இரண்டு பதிவு இருந்தால் அதுவே கண்டுபிடித்து ஒன்றாக்க வேண்டும். டவுன்ஹால் ரோட்டில் சி.டி. வாங்கி, நாலைந்தைப் போட்டுப் பார்த்து, ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். இப்போதும் சொல்கிறேன், நல்ல புரோகிராம்.

பெரியப்பாவின் மகள் மீனலோசனியும் அங்கே டாக்டர். விண்டோஸோடு சும்மா வருகிற நோட்பேடில்தான் எழுதுவாள். எல்லா நோயாளிகளும் ஒரே கோப்பில், சந்தையில் கொட்டிய வெங்காயம் மாதிரி. தமிழை ஆங்கில எழுத்தில் அடிப்பாள். ஒரு குறிப்பு எனக்கு அப்படியே நினைவிருக்கிறது: ‘ஒச்சாயி, சமயநல்லூர், புரோட்டாக் கடை. ஓயாமல் பேசும். மருமகளோடு சண்டை. பென்சிலின் ஆகவே ஆகாது.’ எம்.பி.பி.எஸ். படித்தவள் எழுதியது.

அவற்றை என் புரோகிராமுக்கு மாற்றினேன். பெயர், ஊர், பிறந்த தேதி மூன்றும் கட்டாயம். சமயநல்லூர்ப் பக்கம் பிறந்த தேதி யாருக்குத் தெரிகிறது? பள்ளிக்கூடத்தில் வாத்தியார் தன் வசதிக்குப் போட்ட ஜூன் ஒன்றுதான் ஊருக்கே பிறந்தநாள். பள்ளிக்கூடம் போகாதவர்களுக்கு எங்கள் வரவேற்பில் இருக்கும் பெண்ணும் அதையே போட்டாள். வயது கேட்டால் ஐம்பது இருக்கும் என்பார்கள். பெயரோ குலசாமி பெயர். தெருவுக்கு நாலு ஒச்சாயி. ஆகவே புரோகிராம் கேட்டது: இந்த இருவரும் ஒருவரா? இப்படி நிறையப் பேருக்குக் கேட்டது. மொத்தத்துக்கும் சேர்த்து ஆம் என்று அழுத்தினேன். ஒன்றாக்கும்போது பிந்தைய குறிப்பு நிற்கும், முந்தையது போய்விடும். அது விதி. பிறகு மீனலோசனியின் கோப்பை அழித்தேன். இரண்டு இடத்தில் எழுதிவைப்பது குப்பை சேர்ப்பது.

அவள் ஒரு வாரத்தில் கண்டுபிடித்தாள். தனியாகச் சொல்லியிருக்கலாம். பெரியப்பாவின் அறையில், நர்ஸ்களை வைத்துக்கொண்டு சொன்னாள்.

“என்னண்ணே, ரெண்டு ஒச்சாயியப் பெசஞ்சு ஒரே உருண்டையாக்கிட்டீங்க. புரோட்டாக் கடைக்காரிக்குப் பென்சிலின் ஆகாது. இன்னொருத்திக்கு மாசாமாசம் அதத்தான் போடுறோம். ஒங்க பொட்டியக் கேட்டா ரெண்டு பேருக்கும் ஆகும்ங்குது.”

நர்ஸ்கள் சிரித்தார்கள். பெரியப்பா சிரிக்கவில்லை. இன்னொரு தப்பு வந்தால் இதைத் தூக்கிப் போட்டுவிட்டு நோட்பேடுக்கே போய்விடலாம் என்றார். இன்றைக்கே பிரித்துவிடுகிறேன் என்றேன். சாயங்காலம் கேட்டார். பிரித்துவிட்டேன் என்றேன்.

பிரிக்கவில்லை. ஒருத்தியைப் பிரித்தால், அன்று ஒன்றாக்கிய எல்லாரையும் பிரிக்க வேண்டும். என் தேர்வே தவறு என்றாகிவிடும். ஒரு புரோட்டாக் கடைக்காக ஒரு முறையைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.

புதன்கிழமைக்கு வருகிறேன். மீனலோசனி அழகர்கோவிலுக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தாள். காலில் சீழ் வைத்து, காய்ச்சலோடு ஒச்சாயியைக் கூட்டிவந்தார்கள். வாசலிலேயே மருமகளைத் திட்டும் சத்தம் கேட்டது. பெரியப்பா பென்சிலின் எழுதி, பழைய குறிப்பைப் பார்த்துவிட்டுப் போடச் சொல்லி, ஆபரேஷன் தியேட்டருக்குள் போய்விட்டார். நர்ஸ் சுபலட்சுமி என் அறைக்கு வந்தாள். அவள் பின்னாலேயே ஒச்சாயியும் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள்.

“எனக்கு ஏதோ ஒரு ஊசி ஆகாதுப்பா. பேரு வாயில நொழையல. அந்தப் பாப்பா டாக்டரு பொட்டியில எழுதி வச்சிருக்கு. நல்லாப் பாத்துச் சொல்லு.”

அந்த மருத்துவமனையில் என் கம்ப்யூட்டரை நம்பிக் கேட்ட முதல் ஆள் அவள்தான்.

தேடினேன். நொடியில் வந்தது. திரையில் இருந்ததை வாசித்தேன்: பென்சிலின், போன மாதம் போடப்பட்டது, தொந்தரவு இல்லை. முதலில் கொஞ்சம் போட்டு டெஸ்ட் பார்க்க வேண்டாமா என்று சுபலட்சுமி கேட்டாள். போன மாதம் போட்டவருக்கு எதற்கு என்றேன். அதுவும் நியாயமான பதில்தான். ஒச்சாயி தலையாட்டிவிட்டு, என்னைப் புண்ணியவான் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வார்டு என் அறையிலிருந்து கூப்பிடு தூரம். எழுந்து போய்ச் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். சொல்லியிருந்தால் அன்று மாலையே ஒரு நல்ல புரோகிராமைத் தூக்கி எறிந்திருப்பார்கள். ஊசி எல்லாரையும் கொல்வதில்லை. நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அவள் மருமகளைத் திட்டுவது வராந்தா முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு ஒரு நாற்காலி விழுந்தது. அதற்குப் பிறகு அவள் பேச்சு கேட்கவில்லை.

மீனலோசனி பட்டுப்புடவையோடு ஓடிவந்தாள். அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. என் அறைக்கு வந்து திரையைப் பார்த்தாள். புரோகிராமில் எந்தக் கோளாறும் இல்லை, பெயரை அடித்ததும் பதிவு வந்தது, பதிவில் இருந்ததை அப்படியே வாசித்தேன் என்று விளக்கினேன். அவள் நடுவில் பேசாமல் கேட்டது அதுதான் முதல் முறை. நான் முடித்ததும் என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்:

“பொட்டி கெடக்கட்டும்ணே. அந்தம்மா ஒங்க முன்னாடி வந்து நின்னப்ப, எந்த ஒச்சாயின்னு ஒங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?”