கார்ட்டூமில் வைத்த புத்தாண்டுச் சூப்பு

"கீழே! படுங்க, படுங்க!"

மாடிப்படியிலிருந்து இத்ரீஸ் கத்துகிறார். எங்கள் கட்டடத்துக் காவல்காரர். நானும் மின்ஜியும் சமையலறைத் தரையில் விழுகிறோம். முதலில் ஒரு விசில். நீளமாக. பிறகு இடி. சன்னல் கண்ணாடி நொறுங்கிப் பாத்திரம் கழுவும் தொட்டிக்குள் கொட்டுகிறது. அடுப்பு அணையவில்லை. சூப்பு கொதித்துக்கொண்டிருக்கிறது.

மின்ஜி தவழ்ந்துபோய்ப் பானையை மூடுகிறாள். கண்ணாடித்தூள் விழுந்துவிடக் கூடாதாம்.

நான் ரெஜினா. மலேசியாவில் ஈப்போ, சிலிபின்காரி. சூடானில், கார்ட்டூம் நகரத்தில், ஒரு மருத்துவமனையில் தாதியாக இருந்தேன். மின்ஜி கொரியாக்காரி. அங்கேயே வேலை. அடிபட்டுக் கிடந்தவர்களை மறுபடி நடக்கப் பழக்குவாள். இருவருக்கும் ஒரே வீடு. ஒரே சமையலறை. அரைகுறை ஆங்கிலத்தில்தான் பேச்சு. அது போதுமாக இருந்தது.

நோன்பு மாதத்தில் சண்டை தொடங்கியது. மின்சாரம் போனது. ஐஸ்பெட்டியில் ஐஸ் உருகியது. உள்ளே அரிசிமாவு வில்லைகள். புத்தாண்டுச் சூப்புக்கென்று அவள் அம்மா கொரியாவிலிருந்து கொடுத்தனுப்பியவை. புத்தாண்டன்று எங்களுக்கு வார்டில் வேலை. சூப்பு வைக்கவே இல்லை.

"கெட்டுப் போயிடும். இன்னைக்கே புத்தாண்டுன்னு வச்சுக்கலாம்," என்றாள்.

"வெளியே சுடுறாங்க மின்ஜி."

"அதுக்காகப் பட்டினி கிடக்கிறதா?"

அந்தச் சூப்புக்குத் தொக்குக் என்று பெயர். எங்கள் வீட்டில் தொக்கு என்றால் மாங்காய்த் தொக்கு. சொன்னேன். சிரித்தாள். அந்த வாரத்தில் அந்தக் கட்டடத்தில் கேட்ட ஒரே சிரிப்பு அது.

இறைச்சி கிடைக்கவில்லை. நான் ஈப்போவிலிருந்து கொண்டுபோன காய்ந்த நெத்திலி இருந்தது. தலையைக் கிள்ளி வேகவைத்தாள். வடிகட்டினாள். வில்லைகளைப் போட்டாள். அவை மிதந்து வந்ததும் முட்டையை அடித்து ஊற்றினாள். வீட்டில் இருந்த தண்ணீர் அதோடு சரி.

மூன்று கிண்ணம் வந்தது. இத்ரீஸ் நோன்பு. பொழுது சாய்ந்த பிறகு வாங்கிக் குடித்தார். வில்லையை வெகுநேரம் மென்றார். மின்ஜி இரண்டு கையாலும் கிண்ணத்தைத் தூக்கிக் கடைசிச் சொட்டுவரை குடித்தாள்.

மறுநாள் காலை. தெருக்கோடியில் ஒரு கைப்பம்பு. மின்ஜியும் இத்ரீஸும் தண்ணீருக்குப் போகிறார்கள். கீழ்வீட்டு அம்மாளுக்குத் தோளில் குண்டுச் சில்லு. நான் கட்டுப் போட்டுக்கொண்டிருக்கிறேன். இந்த முறை விசில் கேட்கவில்லை. இடி மட்டும்.

இத்ரீஸ் தனியாக வந்தார். வாசலில் நின்றார். "சிஸ்டர்," என்றார். 

மின்ஜியைப் பள்ளிவாசல் பக்கத்தில் புதைத்தோம். குழி வெட்டியது இத்ரீஸ். முகத்தைத் துடைத்துவிட்டது நான். அதற்கும் தண்ணீர் இரவல்தான்.

பஸ். கப்பல். விமானம். ஈப்போ வந்து அவள் அம்மாவை அழைத்தேன். கைப்பேசித் திரையில் சின்ன முகம். மின்ஜியின் தங்கை ஆங்கிலத்தில் மாற்றிச் சொன்னாள். மகள் எப்படிச் செத்தாள் என்று அந்த அம்மா கேட்கவில்லை.

"சாப்பிட்டிருந்தாளா?"

"சாப்பிட்டா அம்மா. நீங்க கொடுத்தனுப்புனதுதான். மிச்சமே வைக்கல."

அந்த அம்மா தலையாட்டினார். ஆட்டிக்கொண்டே இருந்தார்.

கொரியர்களுக்கும் சீனர்களுக்கும் புத்தாண்டு ஒரே நாளில் வரும். இன்று அந்த நாள். சிலிபினில் பட்டாசு. முதல் சரத்துக்கே நான் மேசைக்கடியில். பிறகு எழுந்து அடுப்பைப் பற்றவைக்கிறேன். வில்லை இப்போது சூப்பர்மார்க்கெட்டிலேயே கிடைக்கிறது.

பக்கத்து வீட்டு லெட்சுமி அக்கா எட்டிப் பார்க்கிறார். பக்கத்து ஊர் ஜெலாப்பாங்கில் தொழிற்சாலை வேலை. இன்று லீவு.

"என்னம்மா அது? வாசம் புதுசா இருக்கு லா."

"கொரியா சூப்பு அக்கா."

"மாட்டெறச்சி போட்டியா?"

"இல்லக்கா. நெத்திலிதான்."

"அப்ப எனக்குக் கொஞ்சம் குடு. யாரு சொல்லிக் குடுத்தா?"

"கூட வேலை செஞ்சவங்க."

டப்பாவில் வாங்கிக்கொண்டு போய்விட்டார். கதவைச் சாத்துகிறேன். ஒரு கிண்ணம். ஒரு கரண்டி. மின்ஜியைப் பார்த்தவர்கள் இந்த ஊரில் யாரும் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

எண்ணிச் சொல்கிறேன். வீடு இடிந்தது. மருத்துவமனை எரிந்தது. கீழ்வீட்டு அம்மாள் பிழைக்கவில்லை. இத்ரீஸின் கைப்பேசி அடிப்பதில்லை. மின்ஜியின் குழிக்கு மேலே பெயர் எழுதவில்லை. அந்தச் சூப்பைக் குடித்த மூன்று பேரில், எனக்குத் தெரிந்து, உயிரோடு இருப்பது நான் ஒருத்தி.